ஹவாசு அருவிக்குப் போக: பர்மிட் முதல் திரும்பி ஏறும் நாள் வரை

அரிசோனாவின் சிவந்த பாறைகளுக்கு நடுவே நீலப்பச்சையாக விழும் ஹவாசு அருவியின் படத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த லாங் வீக்கெண்டில் ஒரு எட்டு போய்விட்டு வரலாம்" என்று நினைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். ஒரு எட்டு போய்விட்டு வரக்கூடிய இடமல்ல அது. முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் பகல் நடைக்கு அனுமதியே கிடையாது. போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம் என்பதால் கஷ்டமெல்லாம் கடைசி நாளில்தான் வரும். நாங்கள் தகவல் தேடியபோது பாதி இடங்களில் பழைய விலையும் பழைய விதியுமே கிடைத்தன. ஒவ்வொன்றாக விசாரித்துச் சரிபார்க்கவே பெரும்பாடாகிவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்று வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் இது யாருடைய இடம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அருவி இருப்பது கிராண்ட் கேன்யனின் ஒரு கிளைப் பள்ளத்தாக்கில். ஆனால் அது தேசியப் பூங்காவின் நிர்வாகத்தில் இல்லை. ஹவாசுபாய் பழங்குடியினரின் சொந்த நிலம் அது. எனவே தேசியப் பூங்காக்களுக்கு வாங்கும் ஆண்டுப் பாஸ் இங்கே செல்லாது. பூங்கா அலுவலகத்தில் கேட்டாலும் பர்மிட் தரமாட்டார்கள். விதி, கட்டணம், பருவம் எல்லாவற்றையும் முடிவு செய்வது அந்த மக்களின் நிர்வாகம்தான்.

அவர்கள் வாழும் சூப்பாய் என்ற சிற்றூருக்குக் கார் போகாது. நடந்து போகலாம், கோவேறு கழுதையிலோ குதிரையிலோ போகலாம், இல்லையென்றால் ஹெலிகாப்டர். தபால்கூடக் கழுதை மேல்தான் இறங்குகிறது. நீங்கள் நடக்கும் பாதை அவர்கள் தெரு, நீங்கள் கடக்கும் முற்றம் அவர்கள் வீட்டு வாசல். ஊருக்குள் மனிதர்களையும் வீடுகளையும் படம் எடுக்காதீர்கள்.

2. பர்மிட் எடுப்பது

முழு வேலையில் பாதி இதுதான். பதிவு ஹவாசுபாய் ரிசர்வேஷன்ஸ் என்ற அவர்களுடைய அதிகாரபூர்வத் தளத்தில் மட்டுமே நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் பொது விற்பனை பிப்ரவரி 1 அன்று அரிசோனா நேரம் காலை 8 மணிக்குத் தொடங்கியிருக்கிறது. கிழக்குக் கரையில் அப்போது காலை 10 மணி, கலிபோர்னியாவில் 7, இந்தியாவில் இரவு 8:30. விற்பனை முறையை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாற்றுகிறார்கள் என்பதால், டிசம்பரிலேயே தளத்துக்குள் போய் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.

கணக்கைத் தொடங்குவது, கார்டு விவரங்களைச் சேர்ப்பது, விதிகளைப் படித்து ஒப்புதல் கொடுப்பது எல்லாம் முதல் நாளே முடிந்திருக்க வேண்டும். 8 மணிக்கு மேல் பாஸ்வேர்டு தேடிக்கொண்டிருந்தால் இடம் போய்விடும். எத்தனை பேர், எந்தெந்தத் தேதி ஒத்துவரும் என்று குழுவில் முன்கூட்டியே பேசி, மூன்று நான்கு தேதிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தேதியைப் பிடித்துத் தொங்குபவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

கூடாரம் போடும் முகாமுக்கான பதிவு எப்போதும் மூன்று இரவு, நான்கு பகல். ஓர் இரவு மட்டும் போதும் என்றாலும் மூன்றுக்கும் சேர்த்தே கட்டணம். கட்டிய பணம் திரும்பி வராது. குழுவில் ஒருவர் கடைசி நேரத்தில் பின்வாங்கினால் அவர் பங்கு போனதுதான். இதைப் பணம் கட்டும் முன்பே எல்லோரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நட்பு கெடுவதெல்லாம் இந்த இடத்தில்தான்.

பிப்ரவரியில் கிடைக்கவில்லை என்றால் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். போக முடியாதவர்கள் விட்டுக்கொடுக்கும் இடங்கள் அதே தளத்தில் காலை 8 மணிக்கு மறுவிற்பனைக்கு வருகின்றன. தினமும் அந்த நேரத்தில் எட்டிப் பாருங்கள். சிறிய குழுவுக்கும், வார நடுவில் போகத் தயாராக இருப்பவர்களுக்கும் இந்த வழியில் நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் சமூக ஊடகங்களில் "என்னிடம் பர்மிட் இருக்கிறது, பணம் அனுப்புங்கள்" என்று யாராவது கேட்டால் அனுப்பாதீர்கள். தளத்துக்கு வெளியே கைமாறிய பர்மிட் செல்லாது.

பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் குழுத் தலைவர் நேரில் வர வேண்டும், புகைப்பட அடையாள அட்டையோடு. அவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற எல்லோர் பயணமும் சிக்கலாகிவிடும். மாற்றுத் தலைவர் பெயரைச் சேர்க்க வழி இருந்தால் பதிவோடு அதையும் செய்துவிடுங்கள்.

3. செலவுக் கணக்கு

2024-இல் முகாம் கட்டணம் மூன்று இரவுக்கும் சேர்த்து ஒருவருக்கு 455 டாலர். நான்கு பேர் என்றால் 1,820 டாலர், அதுவும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே. உங்கள் ஆண்டின் விலையைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

சுமை தூக்கக் கோவேறு கழுதை வேண்டுமென்றால் தனிப் பதிவு. போய்வர 400 டாலர் அளவில் இருந்தது. ஒரு கழுதை நான்கு பைகள் வரை சுமக்கும், ஒவ்வொன்றும் 32 பவுண்டுக்குள், அதாவது பதினாலரைக் கிலோ. நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு நூறு டாலர். குறிப்பிட்ட நேரத்துக்குள் பையைக் கொண்டு வைக்காவிட்டால் கழுதை காத்திருக்காது. முதுகு வலி உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் இதைப் பரிந்துரைப்பேன். முடிந்தவர்கள் தூக்குவதே நல்லது. அந்த விலங்குகளுக்கு அது கடினமான ஏற்றம்.

ஹெலிகாப்டர் ஒரு வழிக்கு ஆளுக்கு நூறு டாலரை ஒட்டி வரும். அதற்கு முன்பதிவு கிடையாது. வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும், ஊர் மக்களுக்கே முன்னுரிமை, எல்லா நாளும் பறக்காது, காற்று பலமாக இருந்தாலும் பறக்காது. "முடியாவிட்டால் ஹெலிகாப்டரில் ஏறிக்கொள்ளலாம்" என்பதைத் திட்டமாக வைத்துக்கொண்டு யாரும் இறங்க வேண்டாம்.

இவை போக வாடகைக் கார், பெட்ரோல், முந்தைய இரவுக்கு ஒரு விடுதி அறை. சூப்பாயில் ஒரு கடையும் சிற்றுண்டிச் சாலையும் உண்டு. பொருளெல்லாம் மேலிருந்து இறங்கி வருவதால் விலை கூடத்தான் இருக்கும். கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

ஊருக்குள் ஒரு லாட்ஜும் இருக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் நான்கு பேர் வரை தங்கும் அறைக்கு இவ்வளவு என்று வாடகை. விலை அதிகம், அறைகள் குறைவு. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போக ஆசைப்படுபவர்கள் பலர் இதை நம்பிக் கேட்கிறார்கள். லாட்ஜும் ஹெலிகாப்டரும் இரண்டுமே கிடைத்தாலும், அங்கிருந்து அருவிக்கு ஏறக்குறைய ஒன்றரை மைல் மணலிலும் கல்லிலும் நடக்க வேண்டும். முழங்கால் வலி இருக்கும் பெரியவர்களை நான் அழைத்துப் போகமாட்டேன்.

4. எந்த மாதம்

பிப்ரவரி முதல் நவம்பர் வரைதான் திறந்திருக்கும். ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆகியவை நல்ல காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் 100 ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், அதாவது 38 செல்சியசுக்கு மேல். நம்மூர் வெயிலுக்குப் பழகியவர்கள்தானே என்ற தைரியம் இங்கே உதவாது. காற்றில் ஈரப்பசை இல்லாததால் வியர்ப்பதே தெரியாமல் உடம்பு வற்றிப்போகும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைவெள்ள ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். பிப்ரவரியில் இரவுக் குளிர் உறைநிலைக்கு இறங்கலாம். ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் மட்டும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 70 ஃபாரன்ஹீட்டிலேயே இருக்கும்.

5. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

பதிவு உறுதிக் கடிதத்தைத் தாளில் அச்செடுத்து இரண்டு பிரதி. போன் திரையை நம்ப வேண்டாம். அந்தப் பக்கம் சிக்னல் இருக்காது. குழுத் தலைவரின் புகைப்பட அடையாள அட்டை. ஓட்டுபவரின் உரிமம், இந்திய உரிமத்தில் ஓட்டுபவர் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துவந்தால் கார் வாடகைக்கு எடுக்கும்போது வாக்குவாதம் இருக்காது. 18 வயதைக் கடந்த வெளிநாட்டவர் தங்கள் குடியேற்றப் பதிவு ஆவணத்தைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். எனவே கிரீன் கார்டோ, பாஸ்போர்ட்டும் ஐ-94 என்ற வருகைப் பதிவுத் தாளுமோ தண்ணீர் புகாத பையில் உடன் வரட்டும். மருத்துவக் காப்பீட்டு அட்டை. விசிட்டர் காப்பீடு எடுத்தவர்கள், அவசரமாக ஹெலிகாப்டரில் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

செக்-இன் எங்கே, எத்தனை மணிக்குள் என்பது உறுதிக் கடிதத்திலேயே இருக்கும். அந்த இடம் மாறியிருக்கிறது, இனியும் மாறலாம். பழைய காணொளியில் பார்த்ததை வைத்து நேரே பாதைத் தொடக்கத்துக்கு ஓட்டிவிடாதீர்கள்.

6. பை

உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றாதீர்கள். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், தலைவிளக்கு, வெந்நீர் ஊற்றினால் போதும் என்ற வகை உணவு, உப்புச்சத்துப் பொடி, கொப்புளத்துக்கான பிளாஸ்டர். நடக்க நன்றாகப் பழகிய ஷூ, நீரில் இறங்கக் கணுக்காலைப் பிடிக்கும் செருப்பு. புது ஷூவை இந்தப் பாதையில் முதன்முதலாகப் போடக்கூடாது. தோட்ட வேலைக்குப் போடும் ரப்பர் பிடிமானக் கையுறை ஒரு ஜோடி. எதற்கு என்று பத்தாவது படியில் சொல்கிறேன்.

விறகு மூட்டித் தீ போட அனுமதியில்லை; கேஸ் ஸ்டவ் போதும். கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுவர முடியாது. இறங்கிய நகரத்தில் கடை மூடும் முன் வாங்க நேரம் ஒதுக்குங்கள். மது, போதைப்பொருள், ட்ரோன், ஆயுதம், வளர்ப்பு விலங்கு எல்லாம் தடை. வண்டியையும் பையையும் சோதிக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

7. விளிம்புக்கு ஓட்டிப் போவது

பாதை தொடங்கும் இடத்தின் பெயர் ஹுவாலபாய் ஹில்டாப். லாஸ் வேகசிலிருந்தும் ஃபீனிக்சிலிருந்தும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ரூட் 66-இல் பீச் ஸ்பிரிங்சுக்குக் கிழக்கே சில மைல் தள்ளி இந்தியன் ரோடு 18-இல் திரும்பியதும் அறுபது மைலுக்கு மேல் பெட்ரோல் பங்க் இல்லை, கடை இல்லை. ஹில்டாப்பிலும் குடிநீர் கிடையாது. பீச் ஸ்பிரிங்சிலோ செலிக்மனிலோ டேங்கை நிரப்பிவிடுங்கள். தண்ணீர்க் கேன்களையும் அங்கேயே.

அரிசோனாவில் கோடைக் காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. கோடையில் லாஸ் வேகசும் இதுவும் ஒரே நேரம். பிப்ரவரியிலும் நவம்பரிலும் அரிசோனா ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். கழுதைக்குப் பை கொடுக்கும் நேரத்தைத் தவறவிட இந்த ஒரு மணியே போதும்.

இரவில் அந்தச் சாலையில் மாடுகளும் எல்க் மான்களும் குறுக்கே வரும். வெளிச்சத்திலேயே ஓட்டிச் சென்று அருகில் தங்கி, மறுநாள் அதிகாலையில் இறங்குவதுதான் நல்ல திட்டம்.

8. இறங்கும் நாள்

ஹில்டாப்பிலிருந்து சூப்பாய் 8 மைல், அங்கிருந்து முகாம் 2 மைல். மொத்தம் 16 கிலோமீட்டர். முதல் ஒன்றரை மைல் வளைந்து வளைந்து செங்குத்தாக இறங்கும். பிறகு வறண்ட ஓடைப் படுகை, கூழாங்கல்லும் மணலும். ஊர் வரும் வரை குடிக்கத் தண்ணீர் எங்கும் இல்லை. ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். சுமையோடு நடக்க ஐந்து முதல் ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுதைக் கூட்டம் ஓட்டமாக வரும், கவனமாக இருங்கள். மணிச் சத்தமோ குளம்புச் சத்தமோ கேட்டதும் பாறைச் சுவர்ப் பக்கம் ஒதுங்கி அசையாமல் நில்லுங்கள். பள்ளத்தின் ஓரம் ஒதுங்கினால், சுமைப் பை இடித்தாலே ஆள் கீழே போய்விடுவார்.

9. முகாமில்

இடம் எண் போட்டுத் தரமாட்டார்கள். ஓடையோரம் ஒரு மைல் நீளத்துக்குப் பிடித்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். தண்ணீரை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் மேடாகப் பாருங்கள். இரவில் வெள்ளம் வந்தால் எந்தப் பக்கம் ஏறுவது என்று பார்த்துவைத்துவிட்டே கூடாரத்தை விரியுங்கள். அணில்கள் பையைக் கடித்துத் திறந்துவிடும். உணவைக் கெட்டியான மூடியுள்ள வாளியிலோ டப்பாவிலோ வையுங்கள்.

குடிநீருக்கு ஃபெர்ன் ஸ்பிரிங் என்ற ஊற்றுக் குழாய் இருக்கிறது. அதையும் சுத்திகரித்தே குடியுங்கள். 2024 ஜூனில் இங்கே வந்தவர்களில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டார்கள். நடை போகிறவர்கள் வைத்திருக்கும் சாதாரண ஃபில்டர் பாக்டீரியாவைத் தடுக்கும், வைரசைத் தடுக்காது. எனவே கொதிக்க வையுங்கள், அல்லது குளோரின் மாத்திரை போட்டு அதில் சொன்ன நேரம் காத்திருங்கள். இப்படி வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் என்ற வைரசுக்கு ஆல்கஹால் கைச்சுத்தியும் சரியாக வேலை செய்யாது. கழிப்பறை போய்வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெயிலில் வயிற்றுப்போக்கோடு பத்து மைல் ஏறுவதை நினைத்துப் பார்த்தால் இந்தச் சிரமம் பெரிதாகத் தெரியாது.

10. அருவிகள்

சூப்பாயிலிருந்து முகாமுக்கு வரும் வழியிலேயே ஃபிஃப்டி ஃபுட் அருவி, நவஹோ அருவி, அடுத்து 100 அடி ஹவாசு. முகாமின் மறுமுனையில் ஏறக்குறைய 200 அடி மூனி அருவி. 2008 வெள்ளத்தில் ஓடை தடம் மாறியதால் பழைய வரைபடத்தில் இருக்கும் நவஹோ அருவி இப்போது இல்லை. அதே பெயரில் இருப்பது புதிது.

மூனியின் அடிக்குப் போகும் வழியை வார்த்தையில் சொல்லிப் புரியவைப்பது கடினம். முதலில் பாறைக்குள் குடைந்த இரண்டு சிறு சுரங்கங்கள். குனிந்து இறங்க வேண்டும். வெளியே வந்ததும் பாறைமுகத்தில் இரும்புக் கம்பிகளும் சங்கிலிகளும். கால் வைக்க வெட்டிய குழிகள், அதற்குக் கீழே மர ஏணிகள். அருவியின் சாரல் எப்போதும் அடித்துக்கொண்டே இருப்பதால் சங்கிலி வழுக்கும், ஏணிப் படி சேறாக இருக்கும். கையுறை இதற்குத்தான். முகத்தைப் பாறைப் பக்கம் வைத்து, பின்னோக்கி இறங்குங்கள். இரண்டு கை, இரண்டு கால், இவற்றில் மூன்று எப்போதும் பிடிமானத்தில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் போக முடியும். காலை எட்டு மணிக்கு முன் போனால் நெரிசல் இல்லை. பத்துக்கு மேல் சங்கிலியைப் பிடித்தபடி எதிரே வருபவர்களுக்காகத் தொங்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

உயரத்தைக் கண்டால் நடுங்குபவர்கள், சின்னக் குழந்தைகளோடு வந்தவர்கள் இறங்கவே வேண்டாம். மேலே பாதையிலிருந்தே முழு அருவியும் தெரியும். யாரையும் "வா, ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்தாதீர்கள். பாதியில் உறைந்து நிற்பவருக்கு மேலேறவும் வழி இருக்காது, கீழிறங்கவும் முடியாது.

பீவர் அருவி முகாமிலிருந்து ஏறக்குறைய மூன்று மைல் கீழே. மூனியில் இறங்கித்தான் போக வேண்டும், ஓடையைப் பலமுறை கடக்க வேண்டும். காலையிலேயே கிளம்பி, பிற்பகல் தொடக்கத்தில் திரும்பிவிடுங்கள்.

குளங்களில் குதிக்காதீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் கார்பனேட்தான் அந்த நிறத்துக்குக் காரணம். அதே பொருள் படிந்து படிந்து நீருக்கடியில் கூரான பாறை விளிம்புகளையும் உண்டாக்குகிறது. போன ஆண்டு ஆழமாக இருந்த இடம் இந்த ஆண்டு மேடாகியிருக்கும். அருவி நேராக விழும் இடத்துக்கு அடியில் நீந்திப் போவதும் வேண்டாம். சுழல் ஆளை உள்ளே இழுக்கும்.

11. வெள்ளம்

உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே வெள்ளம் வரலாம். மழை பெய்வது பல மைல் தள்ளி மேட்டு நிலத்தில். பாறைத் தரை நீரை உறிஞ்சாததால் அத்தனையும் இந்த ஒடுங்கிய பள்ளத்தாக்குக்குள் பாய்கிறது. 2008 ஆகஸ்டிலும் 2018 ஜூலையிலும் சுற்றுலாப் பயணிகளை மீட்டு வெளியேற்ற வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்ட் 22 அன்று வந்த வெள்ளத்தில் ஒரு பெண் உயிரிழந்தார். பலரை ராணுவ ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்கள்.

கிளம்பும் நாள் காலை தேசிய வானிலைச் சேவையின் அறிவிப்பைப் பாருங்கள். "வாட்ச்" என்றால் வரக்கூடும், "வார்னிங்" என்றால் வந்துகொண்டிருக்கிறது அல்லது வந்துவிட்டது. உள்ளே இருக்கும்போது நீலம் திடீரென்று பழுப்பாக மாறினால், சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தால், மேலிருந்து இரைச்சல் கேட்டால், கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். பாஸ்போர்ட், போன், தலைவிளக்கு மூன்றும் ஒரே சிறு பையில் தலைமாட்டில் இருந்தால் எடுக்க இரண்டு நொடி போதும். கலங்கிய நீரைக் கடக்க முயல வேண்டாம். முழங்கால் அளவு வேகநீரே ஆளைச் சாய்த்துவிடும்.

12. ஏறி வரும் நாள்

முந்தைய மாலையே பையைக் கட்டிவிடுங்கள். இருட்டோடு எழுந்து, வெளிச்சம் வரும்போது நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். முகாமிலிருந்து ஹில்டாப் ஏறக்குறைய 2,400 அடி உயரம். அதில் பெரும்பகுதி கடைசி ஒன்றரை மைலில்தான் இருக்கிறது, அந்த இடத்தில் நிழலும் இல்லை. கால் ஏற்கனவே களைத்திருக்கும், வெயிலும் ஏறியிருக்கும். சூப்பாயில் தண்ணீரை முழுதாக நிரப்புங்கள், ஆளுக்கு நான்கு லிட்டர். கடைசி ஏற்றத்தின் அடிவாரத்தில் ஒரு லிட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டு, உப்புச்சத்து கலந்த நீரைக் குடித்து, அப்புறம் ஏறுங்கள். குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். தலை சுற்றல், குமட்டல், பேச்சில் குழறல் தெரிந்தால் அவரை நிழலில் உட்காரவைத்து, சட்டையை நனைத்து, உடம்பைக் குளிர வையுங்கள்.

காரில் ஒரு கேன் தண்ணீரும் மாற்றுச் சட்டையும் முன்பே வைத்துவிட்டு இறங்கியிருப்பீர்கள் அல்லவா, மேலே வந்ததும் முதலில் அதைக் குடியுங்கள். ஒரு மணி நேரமாவது ஓய்வெடுத்த பிறகே வண்டியை எடுங்கள். நேரான, ஆளில்லாத அந்த அறுபது மைலில் தூக்கம் கண்ணை இழுக்கும். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுங்கள், விமானத்தை மறுநாளுக்குப் போடுங்கள்.